தேற வேண்டியது பிள்ளை மட்டுமா?

பிகாரின் நாலந்தா மாவட்டத்தில், அரசு உயர்நிலைப் பள்ளிகள் சிலவற்றின் சுவரில் ஒரு பெட்டியை மாட்டினார்கள். மனதில் உள்ளதை எழுதிப் போடலாம். பெயர் போட வேண்டியதில்லை. கூடவே ஒரு சுவர்ப் பத்திரிகை, கூட்டங்களில் குறுநாடகம், மாணவர் குழுக்கள், அடிக்கும் கேலிக்கும் எதிராகப் பள்ளி தனக்கென்று வகுத்துக்கொண்ட விதிகள், தனியாகப் பேச வேண்டும் என்பவருக்கு ஆலோசனை. கோவாவில் தொடங்கப்பட்ட ‘சங்கத்’ அமைப்பும் மனநல மருத்துவர் விக்ரம் படேலும் முன்னின்று நடத்திய இந்தத் திட்டத்தின் பெயர் ‘சேஹர்’. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம்தான் அதன் பலனை அளந்தார்கள்.

74 பள்ளிகளை மூன்றாகப் பிரித்தார்கள். முதல் பிரிவில் திட்டத்தை நடத்தியவர் வெளியிலிருந்து வந்த பட்டதாரி. மனநல மருத்துவரோ உளவியல் நிபுணரோ அல்லர். பயிற்சி கொடுத்து, இந்த வேலைக்கென்றே பள்ளியில் அமர்த்தப்பட்டவர். ‘மித்ரா’ என்று பெயர். இரண்டாம் பிரிவிலும் அதே பெட்டி, அதே நாடகம், அதே ஆலோசனை. நடத்தியவர் மட்டும் அந்தப் பள்ளியிலேயே பாடம் எடுக்கும் ஆசிரியர். மூன்றாம் பிரிவில் அரசின் வழக்கமான வாழ்க்கைத் திறன் வகுப்போடு சரி.

2018-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் முடிவு வெளியானது. மித்ரா இருந்த பள்ளிகளில் மனச்சோர்வின் அறிகுறிகள் குறைந்திருந்தன. கேலியும் அடிதடியும் குறைந்திருந்தன. பள்ளியைப் பற்றிப் பிள்ளைகளின் அபிப்பிராயம் ஏகத்துக்கும் உயர்ந்திருந்தது. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில்? வழக்கமான வகுப்பு மட்டும் நடந்த பள்ளிகளுக்கும் அவற்றுக்கும் சொல்லிக்கொள்ளும்படி ஒரு வித்தியாசமும் இல்லை. இரண்டாம் ஆண்டு அளந்து பார்த்தபோது மித்ரா பள்ளிகள் இன்னும் முன்னே போயிருந்தன.

இதில் ஆசிரியர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாடம், விடைத்தாள், புள்ளிவிவரப் பதிவேற்றம், தேர்தல் பணி என்று ஓடுகிற ஒருவர் தலையில் இதையும் ஏற்றினால் என்ன ஆகும் என்பது நம்மூர் ஆசிரியர்களுக்குத் தெரியாததல்ல. தவிர, மதிப்பெண் போடுகிறவரிடமே போய் எந்தப் பதினான்கு வயதுப் பிள்ளை மனதைத் திறக்கும்?

பிற்பாடு தரவுகளைப் பிரித்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. மனச்சோர்வு குறைந்ததில் பெரும்பங்கு, பள்ளியின் சூழல் மாறியதற்கு. ஆசிரியர் மாணவரிடம் பேசும் விதம், ‘இது என் பள்ளி’ என்ற எண்ணம், நம் பேச்சுக்கும் இங்கே மதிப்புண்டு என்ற நம்பிக்கை எல்லாம் சேர்ந்த சூழல் அது. பிள்ளையின் மூளைக்குள் யாரும் எதையும் திருகி முடுக்கவில்லை. அது உட்கார்ந்திருந்த அறையின் காற்றை மாற்றினார்கள்.

பதின்ம வயதினருக்கு மனச்சோர்வும் பதற்றமும் வராமல் தடுப்பது எப்படி என்ற கேள்வியோடு உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளை அடுக்கிப் படித்தால், அவை திரும்பத் திரும்ப ஒரே பக்கம்தான் கை நீட்டுகின்றன. அந்தக் கை பிள்ளைக்குப் பின்னால் நிற்கும் பெரியவர்களைக் காட்டுகிறது. நாம்தான் இன்னும் பிள்ளையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பதினான்கரை வயது

மனநோய்கள் எந்த வயதில் தலைகாட்டுகின்றன என்று 192 ஆய்வுகளைத் தொகுத்து 2021-ல் ஒரு கணக்கு வெளியானது. மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஏறத்தாழ பாதி, 18 வயதுக்குள். அதிகமானோருக்குத் தொடங்கும் வயது பதினான்கரை. நம்மூர்க் கணக்கில் ஒன்பதாம் வகுப்பு முடிந்து, ‘அடுத்த வருஷம் பப்ளிக் எக்ஸாம்’ என்ற பேச்சு வீட்டில் ஆரம்பிக்கிற நேரம். பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16-ல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயது வரையுள்ள இந்தியப் பிள்ளைகளில் 7.3 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருப்பதாகக் கண்டது.

எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆபத்து ஒரே அளவில் இல்லை. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ மனச்சோர்வு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு இரண்டு, மூன்று மடங்கு. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மைர்னா வைஸ்மன் பல பத்தாண்டுகளாகத் தாத்தா பாட்டி, பெற்றோர், பேரப்பிள்ளைகள் என்று மூன்று தலைமுறைகளைப் பின்தொடர்ந்து இதை உறுதிப்படுத்தியிருக்கிறார். சின்ன வயதிலேயே அதிகம் பயந்து ஒதுங்கும் பிள்ளை, வகுப்பில் குறிவைத்துக் கேலி செய்யப்படும் பிள்ளை, வீட்டில் சாவையோ பிரிவையோ அடிதடியையோ பார்த்த பிள்ளை, ஏற்கெனவே ஒருமுறை சோர்வில் விழுந்து எழுந்த பிள்ளை எல்லாரும் இந்த வரிசையில் வருவார்கள். பருவமெய்திய பிறகு பெண்பிள்ளைகளுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஆண்பிள்ளைகளைப் போல் இரு மடங்கு.

இவர்களை முன்கூட்டியே கண்டுபிடித்து, நோய் வருவதற்கு முன் பயிற்சி கொடுத்தால் என்ன? அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் கிரெகரி கிளார்க் இதைத்தான் செய்து பார்த்தார். பெற்றோருக்கு மனச்சோர்வு இருந்து, தாங்களும் லேசான அறிகுறிகளோடு இருந்த 94 பிள்ளைகள். சின்னக் குழுவாக உட்கார்ந்து, தன் தலைக்குள் ஓடும் எண்ணத்தைத் தானே விசாரிக்கப் பழகினார்கள். தோழி வாட்ஸ்அப்பில் படித்துவிட்டும் பதில் போடவில்லை என்றால் ‘என்னை வெறுக்கிறாள்’ என்று மனம் முடிவு கட்டிவிடும். அந்தத் தீர்ப்புக்குச் சாட்சி என்ன, வேறு காரணம் இருக்க முடியாதா என்று நிதானமாகக் கேட்கப் பழகுவதுதான் பயிற்சி. 2001-ல் வந்த முடிவு: பயிற்சி பெற்றவர்களில் மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 9.3 சதவீதம், பெறாதவர்களில் 28.8.

பிரமாதமான முடிவுதான். அதை இன்னும் பெரிய அளவில் சோதிக்கப் புறப்பட்டபோதுதான் விஷயம் சுவாரசியமானது.

ஜூடி கார்பர் தலைமையில் பாஸ்டன், நாஷ்வில், பிட்ஸ்பர்க், போர்ட்லண்ட் ஆகிய நான்கு நகரங்களில் 13 முதல் 17 வயது வரையுள்ள 316 பிள்ளைகளைச் சேர்த்தார்கள். எல்லோருடைய பெற்றோரிலும் ஒருவருக்காவது மனச்சோர்வு இருந்தது அல்லது இருந்து போயிருந்தது. வாரம் ஒன்றரை மணி நேரமாக எட்டு வாரம். பிறகு மாதம் ஒருமுறையாக ஆறு மாதம். ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தால், பயிற்சி பெற்றவர்களில் 21.4 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு வந்திருந்தது, பெறாதவர்களில் 32.7 சதவீதம் பேருக்கு. நல்ல பலன்.

ஆனால் அந்தப் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்தபோது கதை மாறியது. பயிற்சி தொடங்கிய நேரத்தில் பெற்றோர் நலமாக இருந்த வீடுகளில் 11.7 சதவீதத்துக்கு எதிராக 40.5 சதவீதம். மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். பெற்றோர் அப்போதும் மனச்சோர்வில் இருந்த வீடுகளிலோ, பயிற்சி பெற்ற பிள்ளைக்கும் பெறாத பிள்ளைக்கும் வித்தியாசமே இல்லை. அதே பாடம், அதே பயிற்சியாளர், அதே எட்டு வாரம். வீட்டுக்குத் திரும்பிப் போனதும் எல்லாம் கரைந்துவிட்டது. ஆறு ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தபோதும் இதே கோடுதான் இரு பிரிவையும் பிரித்து நின்றது.

அம்மாவுக்குக் கொடுத்த மருந்து

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. அது 2006-லேயே அச்சில் வந்துவிட்டது. மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற வந்த தாய்மார்களையும், 7 முதல் 17 வயது வரையுள்ள அவர்களுடைய பிள்ளைகளையும் வைஸ்மன் குழு கவனித்தது. மொத்தம் 151 ஜோடிகள். சிகிச்சை அம்மாவுக்கு மட்டும். பிள்ளையிடம் பேசி, அளந்து, குறித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

மூன்று மாதத்தில் அம்மா குணமான வீடுகளில், ஏற்கெனவே மனநலப் பிரச்சினை இருந்த பிள்ளைகளில் 33 சதவீதம் பேர் தேறிவிட்டார்கள். அம்மா குணமாகாத வீடுகளில் தேறியவர்கள் 12 சதவீதம். அதைவிட முக்கியம், ஆரம்பத்தில் எந்தப் பிரச்சினையும் இல்லாதிருந்த பிள்ளைகளின் கதை. அம்மா குணமான வீடுகளில் அவர்களில் ஒருவருக்குக்கூட எதுவும் வரவில்லை. அம்மா சோர்விலேயே இருந்த வீடுகளில் 17 சதவீதம் பேருக்குப் புதிதாக வந்திருந்தது. மூன்றே மாதத்தில், பிள்ளையை ஒரு வேளை கவுன்சலிங்குக்குக்கூட அழைத்துப் போகாமல் கிடைத்த பலன் இது.

இதை வைத்துக்கொண்டு ‘எல்லாம் தாய் செய்த கோளாறு’ என்று யாராவது கிளம்பினால் அது படிக்கத் தெரியாத வாசிப்பு. சிகிச்சைக்கு வந்தவர்கள் தாய்மார்கள் என்பதால் தாய்மார்களை அளந்தார்கள். அப்பாவின் மனச்சோர்வும் பிள்ளையைப் பாதிக்கிறது. ஆண்களிடம் அது பெரும்பாலும் அழுகையாக வருவதில்லை. எரிச்சலாக, கோபமாக, குடியாக வரும். மாலை ஆறு மணிக்கு மேல் வாசலில் கேட்கும் செருப்புச் சத்தத்தை வைத்தே அன்றைய இரவு எப்படிப் போகும் என்று கணக்குப் போடுகிற பிள்ளைகள் தமிழ்நாட்டின் எந்தத் தெருவிலும் இருக்கிறார்கள். அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டே இயற்பியலில் கணக்குப் போட முடியாது. ‘சோறு போடுறோம், ஃபீஸ் கட்டுறோம், உனக்கு என்ன கவலை?’ என்ற கேள்விக்கு அந்தப் பிள்ளை என்ன பதில் சொல்லும்?

பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போவதில் மரபணுவுக்குப் பங்கு உண்டு. அதை மாற்ற வழியில்லை. மீதி, அன்றாடம் நடப்பது. சோர்வில் இருக்கும் அம்மா பேசுவதைக் குறைத்துக்கொள்கிறாள். சின்ன விஷயத்துக்கும் சீறுகிறாள். பிறகு குற்ற உணர்வில் அழுகிறாள். ‘நான்தான் காரணம்’ என்று பிள்ளை தானாக ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது. பாஸ்டன் மருத்துவர் வில்லியம் பியர்ட்ஸ்லீ இந்த இடத்தில்தான் கை வைத்தார். பெற்றோரைத் தனியாகவும் பிள்ளைகளைத் தனியாகவும் சந்தித்த பிறகு, குடும்பத்தையே ஒன்றாக உட்காரவைத்து, அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இருப்பது ஒரு நோய், அதற்குச் சிகிச்சை உண்டு, அது உன்னால் வந்ததல்ல என்று பெற்றோர் வாயாலேயே பிள்ளைக்குச் சொல்லவைப்பது அவருடைய முறை. நம் வீடுகளில் இது நேர்எதிர். அம்மா சாப்பிடும் மாத்திரை அரிசி டப்பாவுக்குள் ஒளிந்திருக்கும். பிள்ளைக்குத் தெரியக்கூடாது என்பதே குடும்பத்தின் முதல் கட்டளை.

வீடு உடனே சரியாகாது என்றால்? ஹவாயின் கவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வறுமை, பிறப்பில் சிக்கல், பெற்றோரின் குடி அல்லது மனநோய் என்று பல இடர்கள் ஒன்றாகச் சேர்ந்த குழந்தைகள் மூன்றில் ஒரு பங்கு. அவர்களிலும் மூன்றில் ஒருவர் நிலைகுலையாமல், நம்பிக்கையும் திறமையும் உள்ளவராக வளர்ந்து நின்றார். அப்படி நின்றவர்களிடம் பொதுவாக இருந்த முக்கியமான ஒன்று, நம்பி ஒட்டிக்கொள்ள ஒரு பெரியவர். பாட்டி, சித்தி, அண்டை வீட்டார், ஒரு டீச்சர், யாராகவும் இருக்கலாம். பெற்றோராகவே இருக்க வேண்டும் என்றில்லை. நாலந்தாவில் ‘மித்ரா’ என்ற பெயரில் அந்தப் பெரியவரைத்தான் பள்ளிக்குள் கொண்டுவந்து வைத்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் கிடைத்த பதில்

இந்தக் கேள்வியைத் தமிழ்ப் பிள்ளைகளிடமே கேட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஈழப்போர் கடைசிக் கட்டத்தை நெருங்கிக்கொண்டிருந்த வேளையில், இலங்கையின் வடக்கில் 9 முதல் 12 வயது வரையுள்ள 399 பள்ளிப் பிள்ளைகளோடு விட்சே டோல் என்ற டச்சு ஆய்வாளரின் குழு வேலை செய்தது. விளையாட்டு, வரைதல், கூத்து, குழுவாகப் பேசுதல் என்று பள்ளியிலேயே நடந்த 15 அமர்வுகள். முடிவு 2012-ல் வெளியானது. மொத்தமாகப் பார்த்தால், அவர்கள் முக்கியமாக எதிர்பார்த்த மாற்றங்கள் நடக்கவில்லை. ஆண்பிள்ளைகளுக்குப் பதற்றம் கொஞ்சம் குறைந்தது. பெண்பிள்ளைகளிடம், பயிற்சியில் சேராதவர்கள் தேறிய அளவுக்குக்கூடச் சேர்ந்தவர்கள் அதிர்ச்சிப் பாதிப்பிலிருந்து தேறவில்லை. இது யாரும் எதிர்பாராதது.

ஆனால் ஒரு பிரிவுப் பிள்ளைகளுக்குப் பலன் தெளிவாக இருந்தது: அந்த நேரத்தில் போரின் நெருக்கடி ஓரளவு குறைவாக இருந்த பிள்ளைகளுக்கு. சோதனைச்சாவடியும் காணாமல்போதலும் தினசரி வாழ்வாக இருந்த வீட்டுப் பிள்ளையிடம், வகுப்பறையில் கற்ற எதுவும் நிற்கவில்லை. அமெரிக்காவின் அந்த நான்கு நகரங்களில் பெற்றோரின் சோர்வு செய்ததை இங்கே போர் செய்தது. தெல்லிப்பழை மருத்துவமனையில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் பல காலமாக எழுதிவருவதும் இதையொட்டித்தான்: காயம் பட்டது ஒவ்வொரு மனமும் தனித்தனியாக அல்ல, குடும்பமும் ஊரும் சமூகமும் சேர்ந்தே.

போரே இல்லாத இடத்தில், எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக ஒரு மனப்பயிற்சி கொடுத்தால்? பிரிட்டனில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வில்லெம் கைக்கன் தலைமையில் 85 பள்ளிகளில், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். மூச்சைக் கவனித்து மனதை இந்த நொடியில் நிறுத்தும் ‘மைண்ட்ஃபுல்னஸ்’ பயிற்சி. உலகம் முழுக்க விற்பனையாகும் சரக்கு. 2022-ல் வெளியான முடிவில், வழக்கமான வகுப்பைவிட எந்தக் கூடுதல் பலனும் தெரியவில்லை. ஏற்கெனவே ஆபத்தில் இருந்த பிள்ளைகளுக்குச் சற்றுப் பாதகமாகக்கூட இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பயிற்சியைச் செய்யவே இல்லை. பதிமூன்று வயதில் யார்தான் செய்வார்கள்? வருடத்துக்கு ஒருமுறை பேச்சாளர் ஒருவரை அழைத்துவந்து, கண்ணை மூடச்சொல்லி, கைதட்டலோடு முடிக்கும் நம்மூர்ப் பள்ளிகளின் ‘மோட்டிவேஷன்’ நிகழ்ச்சிகளை இதற்குப் பிறகு எந்தக் கணக்கில் வைப்பது என்று தெரியவில்லை.

கென்யாவிலிருந்து வந்த செய்தி மட்டும் கொஞ்சம் வேறுமாதிரி. டாம் ஆஸ்போர்ன் என்ற கென்ய இளைஞர் தொடங்கிய ‘ஷமிரி’ திட்டத்தில், நைரோபி, கியாம்பு பகுதிகளில் மனச்சோர்வோ பதற்றமோ அதிகம் இருந்த 413 மாணவர்களுக்கு வாரம் ஒன்றாக நான்கே அமர்வு. நடத்தியவர்கள் பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்த இளைஞர்கள். நோயைப் பற்றிப் பேச்சே இல்லை. மனிதன் மாறக்கூடியவன், நன்றி சொல்லப் பழகு, உனக்கு எது முக்கியம் என்று யோசி, இவ்வளவுதான் பாடம். 2021-ல் வெளியான முடிவில் இரண்டு அறிகுறிகளும் குறைந்திருந்தன. மாதங்கள் கழித்தும் பலன் தங்கியிருந்தது. இங்கும் பாடத்தைக் காட்டிலும் அதைச் சொன்ன ஆளைக் கவனிக்கத் தோன்றுகிறது. மாணவர்களைவிடச் சில வயதே மூத்த அண்ணனும் அக்காவும் அவர்கள்.

தமிழ்நாடு ஏற்கெனவே செய்தது

யோசித்துப் பார்த்தால், இந்த வகைத் தடுப்பை மனநலம் என்ற பெயரே சொல்லாமல் தமிழ்நாடு செய்திருக்கிறது. பொதுத்தேர்வில் ஒரு பாடம் போனால் ஒரு வருடமே போகும் என்றிருந்த காலம் உண்டு. சென்னையில் 1986-ல் ‘ஸ்நேகா’ தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார், தவறிய பிள்ளைகள் உடனே மறுபடி எழுதித் தேறுவதற்கு வழி வேண்டும் என்று வற்புறுத்தியவர்களில் ஒருவர். 2000-களின் தொடக்கத்தில் உடனடித் துணைத்தேர்வு வந்தது. தேர்வுத் தோல்வியை ஒட்டிய தற்கொலைகள் அதன்பின் இங்கே குறைந்ததை அவர் தொடர்ந்து சுட்டிக்காட்டி வருகிறார். 2017-ல் பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் அறிவிக்கும் வழக்கத்தையும் அரசு நிறுத்தியது. இரண்டிலும் எந்தப் பிள்ளைக்கும் மனஉறுதி வகுப்பு எடுக்கவில்லை. அவர்களை நெருக்கிய ஏற்பாட்டைத்தான் கொஞ்சம் தளர்த்தினார்கள்.

நாலந்தாவில் மாட்டியதைப் போன்ற பெட்டியும் நம்மிடம் உண்டு. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்ற பெயரில் வைக்கப்பட்டிருக்கிறது. பாலியல் தொல்லை உள்ளிட்ட புகார்களைப் பிள்ளைகள் அச்சமின்றிச் சொல்வதற்காக வந்தது. நல்ல ஏற்பாடு. நாலந்தா கற்றுக்கொடுத்தது அடுத்த கேள்வியை: அதைத் திறந்து படிக்கிறவர் யார்? படித்த பிறகு அந்தப் பிள்ளையோடு உட்கார அவருக்கு நேரமும் பயிற்சியும் இருக்கிறதா? மாவட்டத்தைச் சுற்றிவரும் நடமாடும் ஆலோசனை வாகனம் எப்போதோ ஒரு நாள் வந்து போகும். அதில் இருப்பவர் எவ்வளவு திறமைசாலியானாலும், தினமும் மரத்தடியில் கண்ணில் படுகிற ஒருவரின் வேலையை அவரால் செய்ய முடியாது. அந்த ஒருவர் எம்.ஃபில். முடித்த உளவியலாளராக இருக்க வேண்டியதில்லை என்பதுதான் நாலந்தா தந்த நல்ல செய்தி. அந்தந்த ஊர்ப் பட்டதாரிக்குப் பயிற்சியும், மேலிருந்து வழிநடத்த நிபுணர் ஒருவரும் போதும்.

பதற்றத்தைப் பற்றித் தனியாக ஒரு சொல். மனச்சோர்வுக்கு முன்னோடியாகப் பல பிள்ளைகளுக்குப் பதற்றம்தான் முதலில் வரும், அதுவும் சின்ன வயதிலேயே. அதை வளர்ப்பது பெரும்பாலும் கொடுமை அல்ல, பாசம். வகுப்பில் எழுந்து பேசப் பயப்படும் பிள்ளைக்காக அம்மா டீச்சரிடம் போய்ச் சொல்லி விலக்கு வாங்கித் தருவார். வயிற்றுவலி என்று காலையில் சுருண்டு படுத்தால், ‘இன்னிக்கு லீவு போட்டுக்கோ’ என்பார். அந்த நிமிடம் பிள்ளைக்கு நிம்மதி. மறுநாள் பயம் இன்னும் பெரிதாக நிற்கும். கோல்டா கின்ஸ்பர்க் என்ற அமெரிக்க உளவியலாளர், பதற்ற நோயுள்ள பெற்றோரின் 6 முதல் 13 வயதுப் பிள்ளைகள் கொண்ட 136 குடும்பங்களோடு வேலை செய்தார். பயத்தைக் கண்டு ஒதுங்க விடாமல், பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து படிப்படியாக அதை நெருங்கப் பழக்கினார். ஓராண்டில், பயிற்சி பெற்ற குடும்பங்களில் பத்தில் ஒரு பிள்ளைக்கும் குறைவாகவே பதற்ற நோய் வந்தது. பெறாத குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பிள்ளைக்கு. 2015-ல் வெளியான ஆய்வு இது. இங்கும் பாதிப் பாடம் பெற்றோருக்குத்தான்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் தெரிந்தவைதான்: தூக்கமும் பசியும் மாறுவது, பிடித்ததெல்லாம் பிடிக்காமல் போவது, நண்பர்களை விட்டு விலகுவது, காரணமில்லாத தலைவலி, வயிற்றுவலி. பதின்ம வயதில் மனச்சோர்வு சோகமாக இல்லாமல் எரிச்சலாகவும் வரும். ‘திமிர்’ என்று பெயர் வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் போகும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சாவைப் பற்றிய பேச்சு வந்தால் இரண்டு வாரம் வேண்டாம், அன்றே.

நார்வேயில் 2010-ஜனவரியிலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. மனநோய்க்கோ குடி, போதைப் பழக்கத்துக்கோ கடுமையான உடல்நோய்க்கோ சிகிச்சைக்கு வரும் எந்த நோயாளிக்கும் வீட்டில் 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளை இருக்கிறதா என்று மருத்துவப் பணியாளர் கேட்டாக வேண்டும். இருந்தால் அந்தப் பிள்ளைக்குத் தேவையான தகவலும் துணையும் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். மருத்துவமனைகளில் இதற்கென்றே பொறுப்பாளர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுகள் இயங்குகின்றன. குடிப்பழக்கத்துக்கும் அங்கே சிகிச்சை உண்டு. ஓ.பி. சீட்டில் பெயர், வயது, ஊர் எழுதுகிற இடத்துக்குக் கீழே ‘வீட்டில் எத்தனை பிள்ளைகள், என்ன வயது?’ என்று ஒரு வரி சேர்க்கப் புதிய கட்டடம் தேவையில்லை, நிதி ஒதுக்கீடும் தேவையில்லை. ஆபத்தில் இருக்கும் பிள்ளைகளைத் தேடிப் பள்ளி பள்ளியாக அலைவதற்கு முன், அவர்களுடைய பெற்றோர் ஏற்கெனவே வந்து வரிசையில் உட்கார்ந்திருக்கும் இடம் அது.

2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட ‘டெலி மானஸ்’ சேவையில் 14416 என்ற எண்ணைக் கட்டணமின்றி எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. முதல் எண் பிள்ளைக்கு மட்டும் என்று நினைத்து, அவனைக் கூப்பிட்டு ‘பேசு’ என்று போனை நீட்டும் அப்பாக்கள் உண்டு. அதே எண்ணில் அப்பாவும் தனக்காகப் பேசலாம்.